திசுவின் வெப்பத்தை அளந்து கட்டியைப் பிரித்தறிவது: முழுமையான வழிகாட்டி

அறுவை சிகிச்சையில் எடுத்த திசுத் துண்டையோ வளர்த்த செல்களையோ சமவெப்ப நுண்கலோரிமீட்டரில் (வெப்பநிலையை மாறாமல் வைத்து மிகச் சிறிய வெப்பத்தை அளக்கும் கருவி) வைத்து, அது விடும் வெப்பத்தை மைக்ரோவாட் கணக்கில் அளக்கப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். உடம்பின் மேல் வெப்பக் கேமராவைத் திருப்பிப் படம் எடுப்பது வேறு வேலை. அது தோலின் வெப்பநிலையைக் காட்டும்; அதில் பெரும்பங்கு ரத்த ஓட்டத்தினுடையது. இங்கே நாம் பார்ப்பது ரத்தமே ஓடாத ஒரு துண்டு, தானாக நொடிக்கு எவ்வளவு வெப்பம் விடுகிறது என்பதை.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். இந்த அளவீடு ஆராய்ச்சிக்கானது. ஒருவருக்குப் புற்றுநோய் இருக்கிறதா இல்லையா என்று சொல்வது நுண்ணோக்கியில் திசுவைப் பார்க்கும் நோய்க்குறியியல் நிபுணரின் வேலை. கலோரிமீட்டர் அவருக்குப் பதிலாக உட்கார முடியாது.

1. எதோடு ஒப்பிடப்போகிறீர்கள் என்பதை முதலில் எழுதிவையுங்கள்

புதிதாக வருபவர்கள் எல்லோரும் ஒரே நம்பிக்கையோடு வருகிறார்கள்: கட்டி சூடு, நல்ல திசு குளிர்ச்சி. அப்படி ஒரு பொது விதி கிடையாது.

ஓய்வில் இருக்கும் உடலில் சிறுநீரகமும் இதயமும் கிலோவுக்குச் சுமார் 20 வாட் வெப்பம் விடுகின்றன. மூளை 11 அல்லது 12, கல்லீரல் 10-ஐ ஒட்டி. ஓய்விலுள்ள தசை 1 வாட்டுக்கும் கீழே, கொழுப்பு சுமார் 0.2. அதாவது நல்ல திசுக்களுக்குள்ளேயே நூறு மடங்கு வித்தியாசம் இருக்கிறது. சிறுநீரகக் கட்டி ஒன்றைத் தசையோடு ஒப்பிட்டு ‘கட்டி அதிகம் எரிகிறது’ என்றால், நீங்கள் கண்டுபிடித்தது சிறுநீரகம் தசை இல்லை என்பதைத்தான்.

ஆகவே ஒப்பீட்டுத் துண்டு அதே உறுப்பிலிருந்து, அதே ஆளிடமிருந்து, அதே அறுவையில் வர வேண்டும். கட்டியின் ஓரத்தை ஒட்டி எடுக்காமல் கொஞ்சம் தள்ளி எடுங்கள். ஓரத்தில் அழற்சிச் செல்கள் கூடியிருக்கும். அவையும் நன்றாக வெப்பம் விடும். எவ்வளவு தூரம் தள்ளி என்பதை நோய்க்குறியியல் நிபுணர் உறுப்பைப் பார்த்துச் சொல்லட்டும்.

2. கையில் இருக்க வேண்டியவை

நெறிமுறைக் குழுவின் அனுமதி, நோயாளியின் எழுத்துப்பூர்வ சம்மதம். இவை இல்லாமல் ஒரு துண்டுகூட வாங்க வேண்டாம். நோயறிதலுக்குத் தேவையான திசுவை நிபுணர் எடுத்த பிறகு மிஞ்சுவதுதான் உங்களுக்கு. இந்த வரிசை மாறக் கூடாது.

அப்புறம் கருவிகள்: மைக்ரோவாட்டுக்கும் கீழே அளக்கக்கூடிய சமவெப்ப கலோரிமீட்டர், ஒரே அளவுள்ள ஆம்ப்யூல்கள் (திசுவை இட்டு மூடிக் கருவிக்குள் இறக்கும் சிறு குப்பிகள்), புதிய ரப்பர் அடைப்பான்கள், திசுவைச் சீவும் வைப்ரடோம், பத்தில் ஒரு மில்லிகிராம் காட்டும் தராசு, கரைந்த ஆக்சிஜனை அளக்கும் கருவி, லாக்டேட் (சர்க்கரையை ஆக்சிஜன் இல்லாமல் உடைத்தால் மிஞ்சும் பொருள்) அளக்கும் வழி.

ஊட்டத் திரவத்தில்தான் பலர் முதல் தவறைச் செய்கிறார்கள். செல் வளர்ப்பில் பழகிய பைகார்பனேட் திரவத்தை அப்படியே கொண்டுவருவார்கள். அது இன்குபேட்டரில் 5 சதவீத கார்பன் டை ஆக்ஸைடு இருப்பதை நம்பித் தயாரானது. சாதாரணக் காற்றோடு ஆம்ப்யூலில் மூடினால் காரமாகிவிடும். ஹெப்பிஸ் பஃபர் (அமில-கார நிலை மாறாமல் பிடித்து வைக்கும் பொருள்) சேர்த்த திரவமே இங்கே வசதி. ஆனால் அமிலத்தை ஹெப்பிஸ் பிடித்துக்கொள்ளும்போது அதுவும் கொஞ்சம் வெப்பம் விடும். அதனால் கட்டிக்கும் நல்ல திசுவுக்கும் ஒரே பாட்டிலிலிருந்து ஊற்றுங்கள். பாதியில் வேறு பாட்டில் திறந்தால் குறித்துவையுங்கள்.

3. கருவியை முந்தின நாளே தயார் செய்யுங்கள்

திசு வந்த பிறகு கருவியைப் போடுவது, விருந்தாளி வாசலில் நிற்கும்போது அரிசி ஊறவைப்பது மாதிரி. 37 டிகிரியில் கருவி நிலைகொள்ள ஓர் இரவாவது வேண்டும். அறையின் ஏசி எந்த நேரத்தில் நிற்கிறது, கதவை யார் திறந்து வைக்கிறார்கள் என்பதெல்லாம் பேஸ்லைனில், அதாவது திசு இல்லாதபோது கருவி காட்டும் கோட்டில், தெரியும்.

உள்ளே இருக்கும் மின்தடைச் சூடேற்றியால் அளவுத்திருத்தம் செய்யுங்கள். சோதனையில் எதிர்பார்க்கும் அளவை ஒட்டிய திறன் கொடுங்கள். 30 மைக்ரோவாட் அளக்கப்போகும் கருவியை ஆயிரம் மைக்ரோவாட்டில் மட்டும் திருத்தினால் போதாது. வருடத்துக்கு இரண்டு தடவையாவது ஒரு வேதிவினையால் சரிபார்ப்பதும் நல்லது. இமிடசோல்–அசிட்டேட் பஃபரில் ட்ரையாசிட்டின் நீராற்பகுப்பு இதற்கென்றே ஏற்றுக்கொள்ளப்பட்ட ஒன்று. மின்சூடேற்றி காட்டாத பிழையை அது காட்டும், ஏனென்றால் அங்கே வெப்பம் திசுவில் பிறப்பது மாதிரியே ஆம்ப்யூலுக்குள் பிறக்கிறது.

இரவு முழுக்க வெறும் ஊட்டத் திரவம் வைத்த ஆம்ப்யூல் ஒன்றை ஓட்டுங்கள். அந்தக் கோடு எவ்வளவு அலைகிறதோ அதைவிடச் சிறிய வித்தியாசத்தைப் பற்றி நாளை வாயைத் திறக்கக் கூடாது.

4. திசு வந்து சேரும் வழி

ரத்த ஓட்டம் நின்ற கணத்திலிருந்து திசு பட்டினி கிடக்கிறது. அறை வெப்பத்தில் கிடந்தால் சீக்கிரம் கெடும்; 4 டிகிரியில் மெதுவாகக் கெடும். எனவே பாத்திரத்தில் குளிர்ந்த ஊட்டத் திரவத்தை ஊற்றி, அதைப் பனிக்கட்டியில் வைத்து, அறுவை அரங்கின் வாசலில் ஆள் காத்திருக்க வேண்டும். திசுவைப் பனிக்கட்டியில் நேரடியாக வைக்காதீர்கள். உறைந்து கரைந்த செல் உடைந்த செல்.

இரண்டு நேரங்களைக் குறியுங்கள்: ரத்தக் குழாய் கட்டப்பட்ட நேரம், குளிர் திரவத்தில் போட்ட நேரம். பெரும்பாலும் கட்டித் துண்டு முதலில் கைக்கு வரும், நல்ல துண்டு கால்மணி கழித்து வரும். அந்தக் கால்மணி வித்தியாசமே பிறகு ‘கட்டி அதிகச் சுறுசுறுப்பு’ என்று வேஷம் போட்டு வந்து நிற்கும். முதலில் வந்ததையும் இரண்டாவது வரும்வரை காத்திருக்க வைத்து, இரண்டையும் சேர்த்தே சீவுங்கள்.

5. சீவுதல், ஒற்றி எடுத்தல், எடைபோடுதல்

தடிமன் 0.2 முதல் 0.3 மில்லிமீட்டர். அதற்கு மேல் போனால் ஆக்சிஜன் நடுப்பகுதிக்கு எட்டாது. தடித்த துண்டில் வெளிப்புறம் மூச்சுவிடும், உள்ளே மூச்சுத் திணறும். நீங்கள் இரண்டையும் கலந்து ஒரே எண்ணாக எழுதுவீர்கள்.

கண்ணுக்குத் தெரியும் கொழுப்பு, ரத்தக்கட்டி, செத்துப்போன வெளிறிய பகுதி இவற்றை இரண்டு துண்டிலும் ஒரே கவனத்தோடு நீக்குங்கள். கட்டியை மட்டும் அழகாகச் சுத்தம் செய்து, நல்ல திசுவைக் கொழுப்போடு விட்டவர்களை நான் ஒன்றுக்கு மேல் பார்த்திருக்கிறேன்.

ஒவ்வொரு சீவலுக்கும் அடுத்த சீவலை ஃபார்மலினில் போட்டு நோய்க்குறியியலுக்கு அனுப்புங்கள். கட்டி என்று எடுத்த துண்டில் பாதி நார்த்திசுவாக இருக்கலாம், சில சமயம் கட்டிச் செல்லே இல்லாமலும் இருக்கலாம். அது பிறகுதான் தெரியும், ஆனால் அனுப்ப வேண்டியது இப்போது.

எடை போடும்போது மேலே ஒட்டிய திரவத்தை வடிதாளில் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். 30 மில்லிகிராம் சீவலில் 3 மில்லிகிராம் திரவம் தங்கினால் அங்கேயே பத்து சதவீதப் பிழை. ஒற்றும் நேரம் எல்லாத் துண்டுக்கும் ஒன்றாக இருக்கட்டும். நான் மனதுக்குள் ஐந்து எண்ணுகிறேன்.

6. ஆம்ப்யூலில் இடுதல்: ஆக்சிஜன் கணக்கைப் போட்ட பிறகே

எல்லாப் படிகளிலும் அதிக சோதனைகள் கெட்டது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

பாலூட்டிச் செல் ஒன்று சுமார் 30 பைகோவாட் (ஒரு பைகோவாட் என்பது மைக்ரோவாட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) விடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து லட்சம் செல் 30 மைக்ரோவாட். ஆக்சிஜன் மோல் ஒன்று செலவானால் சுமார் 450 கிலோஜூல் வெப்பம் வரும். 37 டிகிரியில் காற்றோடு சமநிலையில் இருக்கும் ஒரு மில்லிலிட்டர் திரவத்தில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் சுமார் 0.2 மைக்ரோமோல். அதாவது 0.09 ஜூலுக்குத்தான் சரக்கு. 30 மைக்ரோவாட்டில் செலவழித்தால் 3,000 நொடி, 50 நிமிடத்தில் தீர்ந்துவிடும்.

முந்தின நாளே தயாரான கருவியும் ஆம்ப்யூலை இறக்கிய பிறகு மறுபடி நிலைகொள்ளவே 45 நிமிடம், ஒரு மணி நேரம் ஆகும். ஆம்ப்யூலைத் திரவத்தால் நிரப்பி மூடியவர், முதல் நம்பகமான எண்ணைப் படிக்கும்போது உள்ளே செல்கள் ஏற்கெனவே மூச்சடைத்துக் கிடக்கின்றன. பத்து மடங்கு சூடான கல்லீரல் சீவல் என்றால் ஐந்தே நிமிடம்.

சரி, மேலே காற்று விட்டால்? ஒரு மில்லிலிட்டர் காற்றில் சுமார் 8 மைக்ரோமோல் ஆக்சிஜன் இருக்கிறது, நாற்பது மடங்கு. அதே செல்களுக்கு ஒரு நாளுக்கு மேல் தாங்கும். இங்கே பலர் நிம்மதியாகி அடுத்த படிக்குப் போய்விடுகிறார்கள். காற்றில் இருக்கும் ஆக்சிஜன் அடியில் கிடக்கும் திசுவுக்கு வந்து சேர வேண்டுமே! கலக்காத திரவத்தில் அது ஊர்ந்துதான் வரும். 1 சதுர சென்டிமீட்டர் பரப்பும் 2 மில்லிமீட்டர் ஆழமும் உள்ள திரவத்தின் வழியே வரும் ஆக்சிஜன் ஏறக்குறைய 12 மைக்ரோவாட்டுக்கு மட்டுமே போதும். பத்து லட்சம் செல்லுக்கு அது அரை வயிறு.

ஆகவே, திரவத்தைக் குறையுங்கள்: சீவலை மூடுகிற அளவு மெல்லிய படலம், மேலே நிறையக் காற்று. அல்லது கலக்கும் வசதியுள்ள ஆம்ப்யூல், அல்லது புதுத் திரவம் ஓடிக்கொண்டே இருக்கும் அமைப்பு. திசுவின் அளவையும் குறையுங்கள். பெரிய சிக்னல் வேண்டும் என்ற ஆசையில் அதிகத் திசு போடுவதைப்போல் ஆபத்தான ஆசை இந்த வேலையில் வேறில்லை.

கட்டியையும் நல்ல திசுவையும் பிரிக்க நினைப்பவருக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம்? பல கட்டிகள் ஆக்சிஜன் இருந்தாலும் சர்க்கரையை லாக்டேட்டாக மாற்றும். இதைத்தான் வார்பர்க் விளைவு என்கிறோம். நல்ல திசுவும் ஆக்சிஜன் தீர்ந்தால் அதையே செய்யும். மூச்சடைத்த ஆம்ப்யூலில் இரண்டும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும். நீங்கள் தேடி வந்த வித்தியாசத்தை நீங்களே அழித்துவிட்டீர்கள்.

7. மூடுதல், துடைத்தல், இறக்குதல்

ஒருமுறை என்னோடு வேலை கற்ற ஒருவர், கட்டி ஆம்ப்யூல் வெப்பமே விடவில்லை, மாறாக உறிஞ்சுகிறது என்று ஓடிவந்தார். வெளியே எடுத்துப் பார்த்தோம். அடைப்பானின் விளிம்பில், உலோக மூடிக்கு அடியில், குண்டூசித் தலை அளவு ஒரு சொட்டு. அது மெதுவாக ஆவியாகிக்கொண்டிருந்தது.

கணக்கைப் பாருங்கள். ஒரு மில்லிகிராம் நீர் ஆவியாக சுமார் 2.4 ஜூல் வேண்டும். அது ஒரு நாள் முழுக்கப் பரவி நடந்தால் சராசரி 28 மைக்ரோவாட். பத்து லட்சம் செல் விடும் வெப்பத்தை ஒரு மில்லிகிராம் நீர் தின்றுவிடும்.

எனவே நிரப்பும்போது கழுத்தில் திரவம் படாமல் நீண்ட பிப்பெட் முனையால் அடியில் விடுங்கள். மூடிய பிறகு வெளிப்புறத்தை எத்தனால் தொட்ட தாளால் துடைத்து, பிறகு உலர்ந்த தாளால் மறுபடி துடையுங்கள். எத்தனாலும் ஆவியாகும் சாதி என்பதால் உலர்ந்த தாள் கட்டாயம். கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

திசு ஆம்ப்யூலோடு ஒப்பிடக் கருவியின் மறுபக்கத்தில் வைக்கும் திசுவில்லாத ஆம்ப்யூலில் அதே அளவு திரவம் இருக்க வேண்டும். இரண்டு பக்கத்தின் வெப்பக் கொள்ளளவும் ஒத்திருந்தால்தான் அறையின் சின்ன அசைவுகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும்.

இறக்குவது இரண்டு கட்டமாக: நடுவழியில் கால்மணி நேரம், பிறகு அளக்கும் இடத்துக்கு. நேரே இறக்கினால் குளிர்ந்த ஆம்ப்யூல் கருவியை உலுக்கிவிடும். மணிக்கணக்கில் கோடு திரும்பாது.

8. வளைவை வாசித்தல்

முதல் 45 நிமிடத்தைத் தூக்கிப் போடுங்கள். அது உராய்வும் வெப்பநிலை சமனாவதும்.

வெப்பம் வெளியேறுவதைச் சில மென்பொருள் மேல்நோக்கிக் காட்டும், சில கீழ்நோக்கி. இதைச் சரிபார்க்காமல் அரை நாள் குழம்பியவர்கள் உண்டு.

நல்ல சீவல் ஒரு சமதளத்தைக் காட்டி, மெதுவாக இறங்கும். திடீரென்று படிக்கட்டு மாதிரி விழுந்தால் ஆக்சிஜன் தீர்ந்தது. ஊசி மாதிரி ஒரு நொடியில் எழுந்து விழுந்தால் அது மின் இரைச்சலோ யாராவது மேஜையை இடித்ததோ. திசுவால் அவ்வளவு வேகமாக மாற முடியாது, கருவியாலும் அவ்வளவு வேகமாகக் காட்ட முடியாது.

எழும்பிக்கொண்டே போகும் வளைவுதான் புதியவர்களை மயக்கும். ‘கட்டி வளர்கிறது’ என்று எண்ணிவிடுவார்கள். எத்தனை நேரத்தில் இரட்டிக்கிறது என்று அளவுகோல் வைத்துப் பாருங்கள். மனிதக் கட்டிச் செல் இரட்டிக்க ஒரு நாளோ அதற்கு மேலோ பிடிக்கும். அரை மணிக்கு ஒருமுறை இரட்டித்தால் அது பாக்டீரியா. நூறு பாக்டீரியா உள்ளே போய் அரைமணிக்கு ஒருமுறை இரட்டித்தால் எட்டு மணியில் 65 லட்சம். ஒன்றுக்கு 2 பைகோவாட் என்றாலும் 13 மைக்ரோவாட். குடல், தோல், வாய் திசுக்களில் இது கிட்டத்தட்ட நிச்சயம். ஆன்டிபயாடிக் சேருங்கள், அளந்து முடித்த திரவத்தில் ஒரு சொட்டை ஊட்டத் தட்டில் பூசிப் பாருங்கள். தட்டில் ஏதாவது முளைத்தால் அந்த ஓட்டம் கணக்கில் வராது.

9. வெப்பத்தோடு ஆக்சிஜனையும் லாக்டேட்டையும் சேர்த்துப் பாருங்கள்

மொத்த வெப்பம் மட்டும் கட்டியைக் காட்டிக்கொடுக்காது. ஒரு மோல் லாக்டேட் உருவாகும்போது வரும் வெப்பம், ஒரு மோல் ஆக்சிஜன் செலவாகும்போது வருவதைவிடப் பல மடங்கு குறைவு. ஆகவே சர்க்கரையை வாரி விழுங்கும் கட்டிகூட வெப்பக் கணக்கில் சாதுவாகத் தெரியலாம்.

பக்கத்துச் சீவலில் ஆக்சிஜன் செலவை அளந்து, வெப்பத்தை அதால் வகுங்கள். திசு முழுக்க மூச்சுவிட்டுத்தான் வாழ்கிறது என்றால் விடை மோலுக்கு 450 கிலோஜூலை ஒட்டி வரும். அதைவிடத் தெளிவாகக் கூடினால், கூடுதல் வெப்பம் ஆக்சிஜன் இல்லாத வழியிலிருந்து வருகிறது. திரவத்தில் லாக்டேட்டும் அதற்கேற்ப ஏறியிருக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் எங்கோ பிழை. கட்டியைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டு அதைத் தேடுங்கள்.

அடுத்தது தடுப்பான்கள். ரோட்டினோனும் ஆன்டிமைசினும் சேர்ந்து மைட்டோகாண்ட்ரியாவின் மூச்சை அடைக்கும். மிஞ்சும் வெப்பத்தில் பெரும்பங்கு கிளைக்காலிசிஸ், அதாவது ஆக்சிஜன் இல்லாமல் சர்க்கரையை உடைக்கும் வழி. 2-டிஆக்சிகுளுக்கோஸ் எதிர்ப்பக்கத்தை, அந்தக் கிளைக்காலிசிஸைத் தடுக்கும். கட்டியும் நல்ல திசுவும் இந்த இரண்டு அடிக்கும் எவ்வளவு விகிதத்தில் குறைகின்றன என்பது, மொத்த வெப்பத்தைவிட நன்றாகப் பேசும். விகிதம் என்பதால் எடைப் பிழையும் இதில் அடிபட்டுப்போகிறது.

எச்சரிக்கை: ரோட்டினோனும் ஆன்டிமைசினும் எத்தனாலிலோ டிஎம்எஸ்ஓ-விலோ கரைந்து வரும். அவை நீரில் கலக்கும்போதே வெப்பம் விடும். மருந்தில்லாத கரைப்பானை அதே அளவு செலுத்தி, அந்த வெப்பத்தைக் கழியுங்கள். அதோடு, செலுத்தும் திரவம் 37 டிகிரியில் இருக்கட்டும்.

10. எதால் வகுப்பது என்பதை முன்பே முடிவு செய்யுங்கள்

ஈர எடையா, உலர் எடையா, புரதமா, டிஎன்ஏவா? கட்டியில் செல்கள் நெருக்கமாக இருந்தால் ஈர எடையால் வகுக்கும்போது கட்டி வெல்லும். டிஎன்ஏவால் வகுத்தால் வித்தியாசம் சுருங்கலாம், தலைகீழாகவும் ஆகலாம். பல கட்டிகளில் செல்லுக்குள்ள டிஎன்ஏவே கூடுதல் என்பதால் அதுவும் சுத்தமான அளவுகோல் இல்லை.

நான் ஈர எடையையும் புரதத்தையும் இரண்டையும் எடுக்கிறேன். இரண்டும் ஒரே திசையில் போனால்தான் நம்புகிறேன். விடையைப் பார்த்த பிறகு வகுத்தியைத் தேர்ந்தெடுப்பது மட்டும் கூடாது. ஆசைப்பட்ட எண் கிடைக்கும்வரை ஏதாவது ஒரு வகுத்தி கைகொடுக்கும்.

கூடவே செத்த திசுவும் ஒன்று ஓட வேண்டும். அதே திசுவின் ஒரு சீவலைச் சூடாக்கிக் கொன்று, கழுவி, அதே மாதிரி அளங்கள். அது பூஜ்ஜியம் காட்டவில்லையென்றால் மிஞ்சிய எண்ணை எல்லாவற்றிலிருந்தும் கழிக்கலாம் என்று அவசரப்படாதீர்கள். முதலில் பாக்டீரியாவையும் கசிவையும் சந்தேகியுங்கள். ஃபார்மலினால் கொல்ல வேண்டாம். மிஞ்சிய ஃபார்மலின் புரதத்தோடு வினைபுரிந்துகொண்டே இருக்கும்.

11. குறியீட்டு எண்ணோடு வாசியுங்கள்

ஆம்ப்யூலில் ‘கட்டி’, ‘நல்லது’ என்று எழுதாதீர்கள். சீவியவர் தவிர வேறு யாருக்கும் தெரியாத எண் ஒன்றை எழுதுங்கள். சமதளம் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று வளைவில் கோடு போடுபவருக்கு எது எது என்று தெரிந்தால், கை தானாகவே கட்டியின் பக்கம் கொஞ்சம் மேலே போகும். நேர்மையானவர்களுக்கும் போகும், எனக்குப் போயிருக்கிறது.

எந்த ஓட்டத்தை விலக்குவது என்பதையும் திசு வருவதற்கு முன்பே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்: தட்டில் பாக்டீரியா முளைத்தால், வெற்று ஆம்ப்யூல் கோடு எல்லை தாண்டினால், பக்கத்துச் சீவலில் கட்டிச் செல் குறிப்பிட்ட சதவீதத்துக்குக் கீழே இருந்தால். வளைவுகளை அளந்து முடித்து, எண்களைப் பூட்டி, அதற்குப் பிறகு நோய்க்குறியியல் அறிக்கையைத் திறங்கள். குறியீட்டுப் பட்டியலைக் கடைசியில் திறங்கள்.